ராணியை வெட்டாத மாப்பிள்ளை

“கேசரி, பஜ்ஜியெல்லாம் அப்புறங்க. மொதல்ல ஒரு ஆட்டம்!” என்று செஸ் போர்டை விரித்தார் கொளஞ்சிநாதன்.

நெய்வேலி குவார்ட்டர்ஸின் சின்ன ஹால். பெண் பார்க்க வந்த வளவனும் அவன் பெற்றோரும் திகைத்தார்கள்.

“எம்பொண்ணு செஸ்ல மாவட்ட சாம்பியன். அவகிட்ட பத்து மூவ் தாக்குப்பிடிக்காதவருக்குப் பொண்ணு குடுக்கிறதில்ல. சொந்த ஊரு முத்தாண்டிக்குப்பத்துல எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குங்க.”

“மூணு வரன் திரும்பிப் போயாச்சு. மைன்ஸ்ல பர்மனென்ட் பையன்கூட ஏழாவது மூவுல அவுட்டுங்க” என்று பெருமூச்சு விட்டார் வடலூர் தரகர் அய்யனார்.

எழில்மதி வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டாள். நாலைந்து நகர்த்தல்கள். வளவனின் பிஷப் அவளுடைய குதிரையைக் குறிவைத்து நின்றது. குதிரைக்குப் பின்னால் ராணி. குதிரை விலகினால் ராணி போய்விடும்.

எழில்மதி குதிரையை விலக்கினாள்.

சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா மலர்கொடி தலையில் கைவைத்தாள். அந்த ராணி ஒரு தூண்டில். மூன்று வரன்களும் ஆசையாக அதை வெட்டிவிட்டுத்தான் ராஜாவைப் பறிகொடுத்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இந்த வருஷமும் மகளுக்குக் கல்யாணம் இல்லை.

“எடுங்க தம்பி, ராணி சும்மாதானே நிக்குது!” கொளஞ்சிநாதன் மீசையைத் தடவினார்.

வளவன் ராணியைத் தொடவில்லை. பாய்ந்து வந்த குதிரையைச் சிப்பாயால் வெட்டினான். ஆட்டம் டிராவில் முடிந்தது.

“எப்படி தம்பி ஆசைப்படாம வுட்டீங்க?”

“சும்மா கிடைக்கிறதை எடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்கப்பா வளத்தாருங்க.”

கொளஞ்சிநாதன் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். “இவருதான் எம்மாப்புள்ள! காதல் கீதல்னு எங்க வம்சத்துல ஒருத்தரும் போனதில்ல. நானே சோதிச்சு எடுத்த வைரம்ங்க இது! அய்யனாரே, தேதியப் பாருங்க!”

ஹாலில் ஒரே சிரிப்பு. சமையலறையில் கேசரியைத் தட்டில் வைத்தபடி மலர்கொடி கேட்டாள்.

“ஏன்டி, மூணு பேரும் ஏமாந்தாங்க. இவரு மட்டும் எப்படிடி தப்பிச்சாரு?”

எழில்மதி கேசரியிலிருந்து ஒரு முந்திரியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

“இவரும் எங்கிட்ட ஏமாந்தவருதாம்மா, காலேஜ் டீம்ல சேந்த அன்னிக்கே! அன்னிலேர்ந்துதானே எங்களுக்குப் பழக்கம். அப்பா தலையில இந்தப் போட்டிய ஏத்திவுட்டேனே, பின்ன எதுக்காம்?”