நெற்றியில் போட்ட எண்ணெய்
இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வாடகை அறை வாசலில் மகள் ஷாரோன் பையோடு தலைகுனிந்து நிற்கிறாள். அவள் வேலைபார்க்கும் கம்பெனியின் விடுதிக்குக் கூட்டிப்போகும் பஸ் எதிரிலேயே நின்று ஹாரன் அடிக்கிறது. அந்த விடுதியில் படுத்தால் ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறி அமுக்குகிறது என்று பயந்துதான் லீவு போட்டு வந்திருந்தாள். என் மனைவி அமலா கண்ணை மூடி, பொல்லாத ஆவி எதுவும் பிள்ளையை அண்டக்கூடாது ஆண்டவரே என்று சத்தமாக ஜெபிக்கிறாள். சபையில் கொடுத்த ஜெப எண்ணெயை நான் மகள் நெற்றியில் சிலுவையாகப் போடுகிறேன். சாயங்கால வெயிலில் அது மினுங்குகிறது. "இன்னாப்பா, மெஷின் வாசனை அடிக்குது?" என்கிறாள் ஷாரோன். "நாள் முழுக்க தையல் மெஷின்ல உக்கார்ற உங்கப்பன் கை வேற எப்படிடி நாறும்? ஆமென் சொல்லு," என்கிறாள் அமலா, கண்ணைத் திறக்காமலே.

நான் பாட்டிலை மோந்து பார்க்கிறேன். தையல் மெஷினுக்கு விட வாங்கிவந்த எண்ணெய். ஜெப எண்ணெய், மெஷின் எண்ணெய் இரண்டையுமே பழைய தேங்காயெண்ணெய் பாட்டிலில்தான் ஊற்றி வைத்திருக்கிறோம். துடைத்துவிடவா? சொல்லிவிடவா? ஜெபம் முடிந்துபோச்சே, அந்த ஜெபம் இந்த எண்ணெயில் ஒட்டியிருக்குமா? அதற்குள் அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலில் முகம் காட்டுகிறாள். "இப்ப பயமே இல்லப்பா. போய்ட்டு வரேன்." நெற்றி இன்னும் பளபளக்கிறது. பஸ் நகர்கிறது. எனக்கு வருவது சந்தோஷமா திகிலா, தெரியவில்லை. அமலா என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி, வேதாகமத்தின் பக்கத்தில் பத்திரமாக வைக்கிறாள்.