பச்சை இடைக்கச்சை

டார்க்கஸ் வென்னிங்குக்குக் கண் போய்விட்டது என்ற முடிவுக்கு டக்கெட் வந்தார். சிவப்பாக இருந்திருக்க வேண்டிய இடைக்கச்சை, அவள் தீட்டிய பன்னிரண்டு படங்களிலும் பச்சையாக இருந்தது.

லண்டனில், நாடக அரங்கை ஒட்டிய சந்தில், நடிகையரின் அச்சுப் படங்களை விற்கும் கடை அவருடையது. மாடியில் நான்கு பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வண்ணமாகத் தீட்டுவார்கள். சிவப்பு டார்க்கஸின் பங்கு.

மற்ற மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டே மதிய உணவுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். அவள் மட்டும் வழக்கம்போல் சன்னலோரத்தில் தனியே அமர்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த இந்த ஆறு ஆண்டுகளில் அவளைத் தேடி ஒருவரும் அந்தப் படியேறியதில்லை.

"ஏம்மா, இது என்ன நிறம்?" என்று ஒரு படத்தை நீட்டினார் டக்கெட்.

"பச்சைங்க, முதலாளி."

"பின்னாடி அந்தத் திரைச்சீலை?"

"மங்கின நீலம். ஓரத்துல மஞ்சள்."

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு. மாதிரிப் படம் உன் மூக்குக்கு நேரா நிக்குது, அதுல கச்சை செவப்பு. பக்கத்துக்காரிகிட்ட பச்சையைக் கடன் வாங்கிப் பூசியிருக்க. திமிரா?"

"தீவு ராணியை நாடு கடத்துற காட்சிங்க இது. அதுக்குப் பச்சைதான்."

"பெரிய ரசிகைதான் போ. எத்தனை தடவை பார்த்த?"

"அந்த நாடகத்தை ஒரு நாள்கூட உக்காந்து பார்க்கக் குடுத்துவைக்கலைங்க."

டக்கெட்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "இப்ப ராணி வேஷம் கட்டுற மிஸ் ஷோர் போன வாரம் செவப்புக் கச்சையோடதான் மேடைக்கு வந்தா. ஊரே பார்த்திருக்கு. இதை வெளியில தொங்கவிட்டா சிரிக்கமாட்டானுங்களா?"

"அவங்க செவப்புதாங்க கட்டுறாங்க. ஆனா இது அவங்க இல்லீங்களே."

டக்கெட் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "யாரு சொன்னா உனக்கு? சரி, படம் அச்சடிக்கிற செப்புத் தகடு பழசுதான். இருபது வருஷத்துக்கு முந்தி இதே வேஷம் கட்டின லவினியா ஹேலோடது. ஏலத்துல எடுத்தேன். முகத்தை மட்டும் சுரண்டித் தேய்ச்சுட்டு, அந்த இடத்துல ஷோர் முகத்தைச் செதுக்கச் சொன்னேன். தொழில்ல எல்லாரும் பண்றதுதான், வெளியில உளறி வைக்காத."

ஒரு மனுஷியின் முகத்தை வழித்தெறிந்ததை, மேசையைத் துடைத்ததைப்போல அவர் சொல்லி முடித்தார். பிறகு, வண்ணம் தீட்டாத பன்னிரண்டு படங்களை அவள்முன் வைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இதுக்கெல்லாம் செவப்பு ஏறணும். இல்லேன்னா நாளைக்கு வராத."

இந்த வேலையும் போனால் ஏழை விடுதியைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். டார்க்கஸ் மேல் படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தாள்.

"முகத்துக்கு என்ன பூசச் சொன்னாலும் பூசுறேங்க, அது மிஸ் ஷோரோடது. கச்சைக்குச் செவப்பு பூசமாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ஹேல் எந்தக் காலத்திலேயோ செத்துப்போயிருப்பா. அழக்கூட ஒரு நாதி இருந்திருக்காது. அவளுக்காக நீ ஏம்மா பட்டினி கிடக்கணும்?"

டார்க்கஸ் தூரிகையைக் கழுவித் துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து அணிந்து, தாடைக்குக் கீழே நாடாவை நிதானமாக முடிந்துகொண்டாள்.

"அவ சாகலைங்க. ஆறு வருஷமா உங்க மாடியில செவப்பு பூசிக்கிட்டு இருந்தா."