வாளித் தண்ணீர்

சோதனை மருந்தின் பத்தாவது சொட்டும் விழுந்தது.

மீன்தொட்டித் தண்ணீர் எடுத்த கண்ணாடிக் குழாயை மூடி ஒரு நிமிடம் குலுக்கினான். ஜன்னல் திட்டில் நிறுத்தி வைத்தான்.

இனி ஐந்து நிமிடம் காத்திருந்து, நிற அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

மஞ்சளாகவே நின்றால் நல்ல தண்ணீர். ஆரஞ்சு என்றால் சமாளிக்கலாம். சிவந்துவிட்டால் நைட்ரேட் ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் கடைசியில் அதுவாகத்தான் மாறும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தண்ணீரை மாற்றினால்தான் குறையும்.

ஒரு மாதமாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறான்.

தொட்டியில் இரண்டு ஏஞ்சல் மீன்கள். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நின்றன. மூன்றாவது போன வாரம் செத்துப்போயிற்று. கடைக்காரர் தீனியைக் குறைக்கச் சொன்னார், குறைத்தான். அடிமணலில் தங்கிய அழுக்கை உறிஞ்சி எடுக்கச் சொன்னார், எடுத்தான். வாரம் ஒரு தடவை கால் தொட்டி என்றிருந்ததை, இரண்டு தடவை பாதித் தொட்டி என்று ஆக்கினான்.

ஐந்து நிமிடம் முடிவதற்குள் சிவந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே, வீட்டை ஒட்டி மஞ்சள் பயிரிட்ட காட்டில் யாரோ உரம் வீசிக்கொண்டு போனார்கள். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. நாற்பத்தேழு நாள் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

அவன் வாளியைப் பார்த்தான்.

மீன்தொட்டிக்கு மாற்றுவதற்காகக் குழாயில் பிடித்து வைத்த தண்ணீர். வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. இதை அவன் ஒருநாளும் சோதித்ததில்லை. மீனே இல்லாத தண்ணீரில் மீனின் கழிவு எங்கிருந்து வரும்?

வாளித் தண்ணீரை இன்னொரு கண்ணாடிக் குழாயில் எடுத்தான். சொட்டுகள். குலுக்கல். ஐந்து நிமிடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எது தொட்டி, எது வாளி என்று தெரியவில்லை.

ஆக, ஒரு மாதமாக நைட்ரேட்டை இறைத்து ஊற்றிவிட்டு நைட்ரேட்டையே திரும்பக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறான். சிரிப்புத்தான் வந்தது.

அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

சிரிப்பு நின்றது.

ஒரு வரி. மீனுக்காகக் கைபேசியில் தேடித் தேடிப் படித்தபோது நடுவில் வந்தது. காட்டுக்குப் போடும் உரத்தால் நிலத்தடித் தண்ணீரிலும் நைட்ரேட் இறங்கும், கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, ரத்தத்தால் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும், கொதிக்க வைத்தாலும் போகாது என்று.

மீனைப் பற்றியது இல்லை. விரலால் தள்ளிவிட்டிருந்தான்.

அவன் மனைவி பூங்கோதைக்குத் தாய்ப்பால் போதுமான அளவு சுரக்கவில்லை. மருத்துவர் பால் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர்கள் இருவரும் குடித்தது கேன் தண்ணீர். பிள்ளைக்கு அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எந்தக் கை கழுவியதோ, எங்கே வைத்திருந்ததோ. குழாயில் வரும் போர் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க விடுவாள். கொதித்ததை மேலும் கொதிக்க விடுவாள். முக்கால் பங்காகச் சுண்டினால்தான் இறக்குவாள்.

சுண்டும்போது தண்ணீர் மட்டும்தான் குறைகிறது.

அவன் அடுப்படிக்குப் போனபோது அவள் பாட்டிலைக் கவிழ்த்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை நீட்டி வாங்கினான். கழுவும் தொட்டியில் ஊற்றினான்.

பிறகுதான் சொன்னான். மெதுவாகச் சொன்னான். இரண்டு குழாய்களையும் கொண்டுவந்து காட்டினான். அவள்மீது தப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னான். அது அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா, அழுகறப்பெல்லாம் ஒதடு நீலமாட்ட ஆகுதுங்க" என்றாள். "குளுருதாட்ட இருக்குதுன்னு சாக்ஸ் மாட்டி உட்டனுங்க."

அவன் குழந்தையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். உதட்டைப் பார்த்தான். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகங்களைப் பார்த்தான்.

ஒத்துப் பார்க்க இதற்கு அட்டை எதுவும் இல்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர், நடுவயதுப் பெண், மீன் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். குழந்தைக்குப் பசி. நர்ஸ் அங்கேயே பால் கரைத்துக் கொடுத்தாள். முடிவு வரும்வரை பூங்கோதை அந்தச் சின்னப் பாதத்தை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்காத பங்கு இருக்க வேண்டியதைவிடக் கூடுதல்தான் என்றார் மருத்துவர். பயப்படும் அளவுக்கு இல்லை. அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகும். வியாழக்கிழமை மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அவள் அப்போதும் அழவில்லை. வெளியே வந்து படியில் செருப்பைத் தேடும்போதுதான் அழுதாள். அவன் செருப்பை எடுத்து அவள் காலருகே போட்டான்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. ஆட்டோ அவர்கள் வீடிருக்கும் லேஅவுட்டுக்குள் திரும்பியது. பதினெட்டு வீடுகள். நடுவில் கால் ஊன்றி நிற்கும் ஒரே மேல்தொட்டி. அதிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் போர் தண்ணீர் போகிறது.

நான்காவது வீட்டு மாடிக்கொடியில் கைக்குழந்தைக்குக் கட்டும் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

பூங்கோதை ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

குழந்தையை அவன் மடியில் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

இறங்கிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.