ஃபியூஸ் கட்டை

"குடும்பத்தையே கொளுத்திட்டு, பச்சைப் புள்ள மாதிரி முழிக்குது பாரு ஒரு ஜென்மம்!"

அண்ணன் பேர் சொல்லவில்லை. கரிபிடித்த வாசல் நடையில் முழித்துக்கொண்டு நின்றது தம்பி ஒருவன்தான்.

எரிந்தது அவனுடைய மின்சார ஸ்கூட்டர். நடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு மாடிக்குப் போயிருந்தான். தீப்பிடித்ததும், பக்கத்திலிருந்த கேஸ் சிலிண்டரை வெறுங்கையால் இழுத்து வெளியே தள்ளியது அண்ணி. இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். தையல் வேலை பார்ப்பவள். விரல்கள் இனி மடங்காதாம்.

"லைட்டு, ஃபேனுக்குப் போட்ட பிளக்ல வண்டியைச் சொருகினா எரியாம என்னடா செய்யும்?"

"தனியா பெரிய பாயின்ட் போட்டுக்கறேன்னு கேட்டேனேண்ணே. சுவத்துல கை வைக்காதேன்னீங்க..."

"வாயை மூடு!" தம்பியின் துணிப்பெட்டி அவன் காலடியில் வந்து விழுந்தது. "கிளம்பு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

தம்பி குனிந்து பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சொருகியது அவன்தானே. பிளக் தொட்டால் சுடுகிறது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

மீட்டர் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார்.

"இதுல தலைமுடி மாதிரி கம்பிதான் இருக்கணும். பிளக் உருகி வயரும் வயரும் ஒட்டின உடனே அது அறுந்து, கரென்ட் நின்னிருக்கும். வண்டி தப்பிச்சிருக்கும். எந்தப் புண்ணியவானோ செம்புக் கம்பியைக் கயிறு மாதிரி முறுக்கிப் போட்டிருக்கான்."

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தான். காதில் விழுகிற தூரத்தில்தான் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாங்க போட்டேன்" என்றான் தம்பி.

"கேட்டீங்களா! அவன் வாயாலேயே வந்துடுச்சு!" அண்ணன் குதித்தான்.

அண்ணி எழுந்து வந்தாள். கட்டுப்போட்ட இரண்டு கையையும் புருஷன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"டிவியில மேட்ச் நடுவுல ஃபியூஸ் போகுது, போகுதுன்னு நீங்க அந்தக் கம்பியை முறுக்கினப்போ, டார்ச் பிடிச்சது இந்தக் கைதாங்க. தம்பியோட பெட்டியை நீங்களே தூக்கி உள்ள வைங்க. எனக்குத் தூக்கக் கையில்ல."