துண்டுக்கு அடியில்

வகுளா கட்டிலில் பேரனுக்கு முன்னால் பீரோ சாவிக்கொத்தை வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டாள். ஏழு மாதக் குழந்தை துண்டைச் சற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கண்ணுக்கு மறைஞ்சா பொருளே இல்லைன்னு நினைக்கிற பருவம்ங்க இது," என்றாள், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் நடத்தியவள். "அடுத்த படி ஏறிட்டா துணியை விலக்கித் தேடுவான். அப்புறம் கீழே இறங்கவே மாட்டான்."

"எல்லாரும் உன் புத்தகத்தைப் படிச்சிட்டா பொறக்கறாங்க?" என்று சிரித்தார் அவள் கணவர் தணிகாசலம்.

அன்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையால் அவள் முகத்தை மூடினார்கள். தணிகாசலம் அதை விலக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார்கள். மறுபடியும் விலக்கினார். "போதும்ப்பா" என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் வீடு முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மாவோட பீரோ சாவியைப் பார்த்தீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர், பக்கத்தில் கிடந்த துண்டைச் சற்றுப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இல்லையேம்மா."

துண்டு, நடுவில் கொஞ்சம் மேடாக, அவள் போட்டபடியே கிடந்தது.