ஜூன் ஒன்பது எதுக்கு லீவு?

"ஜூன் ஒன்பது எதுக்கு லீவு?" என்று கேட்டாள் மனைவி. குளியலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள்.

கணவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். "அன்னைக்குத்தானே இந்தக் குழாயை மாத்தினோம்."

"அது நாம செஞ்சது. நாடு என்ன செஞ்சுது?"

நாடு என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை. லீவு விட்டால் தூங்க வேண்டும், எதற்கு விட்டார்கள் என்று ஆராய்ந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இத்தனை வருஷமாக அவர் கட்சி. இன்றைக்கு அந்தக் கட்சிக்கு டெபாசிட் போய்விடும் போலிருந்தது.

குடியுரிமைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. இந்தத் தடவையும் சொதப்பினால் இன்னொரு வாய்ப்புக் கிடையாது என்று அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் ரோஷம் வரட்டும் என்று மனைவிதான் ஒட்டினாள். அவருக்கு ரோஷம் வரவில்லை, தண்ணீர் குடிப்பதுதான் குறைந்தது.

"துறைமுகத் தொழிலாளிங்க போராடி எட்டு மணி நேர வேலை வாங்கின நாள்" என்றாள் அவள். "நான் பஸ் ஓட்டிக்கிட்டே படிச்சேன். சிவப்பு விளக்குல ஒரு கேள்வி, பச்சை விழறதுக்குள்ள பதில். ஒரே தடவையில பாஸ். உங்களுக்கு என்னங்க கேடு?"

"எங்கிட்ட பஸ் இல்லையே."

அவள் கரண்டியை ஓங்கவில்லை, இறுக்கிப் பிடித்தாள். "முதல் ஜனாதிபதி என்ன வேலை பார்த்தார்?"

"ஜனாதிபதி வேலை."

"அதுக்கு முன்னாடி?"

"வேலை தேடியிருப்பார்."

"கடிகாரம் ரிப்பேர் பண்ணார். கொடியில எத்தனை நட்சத்திரம்?"

"அது பறந்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா எண்றது?"

"சரி, தேசிய கீதத்துல ரெண்டாவது பத்தி சொல்லுங்க."

அவர் வாயை மட்டும் அசைத்துக் காட்டினார். விழாக்களில் அவர் பாடுகிற விதமே அதுதான். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "தெரியலைன்னா பேசாம இருங்க. போன தடவை மாதிரி வாதாடாதீங்க. எதிர்ல உட்கார்ந்திருந்த அம்மா சொன்னதுதான் சரி, நீங்க சொன்னது தப்பு. அதுல வீம்பு வேற."

"நம்பிக்கையாத்தான் சொன்னேன்."

"தப்பை நம்பிக்கையா சொன்னா சரியாயிடுமா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. இவள் வெளிநாட்டிலிருந்து வந்து, பாஷை பழகி, படித்து ஜெயித்தவள். இவள் முன்னால் இன்னொரு தடவை தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று வீட்டை விட்டு இறங்கும்போது உறுதி எடுத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் வருவதற்குள் நட்சத்திரக் கணக்கு மறந்துவிட்டது.

குடியுரிமை அலுவலகத்தின் நடைவழியில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் கையேட்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று அவர் முதல் காலி நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'கடிகாரம்' என்று எழுத ஆரம்பித்தார்.

"அழிங்க அண்ணே" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, தையல்காரர். கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். "பார்த்தா வெளியே துரத்திடுவாங்க."

அவர் எச்சிலைத் தொட்டு அவசரமாக அழித்தார். "தம்பி, கொடியில எத்தனை நட்சத்திரம்?"

"ஏழு. வாரத்துக்கு நாப்பது கொடி தைக்கிறேன், எனக்குத் தெரியாதா. ஞாயிறு, திங்கள்னு விரல்ல எண்ணிக்குங்க, மறக்காது." தையல்காரர் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக எண்ணவே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தேசிய கீதத்தின் இரண்டாவது பத்தியை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை இவருக்கு முதல் வரி மட்டும் நின்றது.

"உள்ள கேள்வி கேக்கற ஆளு சிடுமூஞ்சியாம்" என்றார் தையல்காரர். "வாயே திறக்காம உர்ருனு பார்ப்பானாம்."

"பயந்து போயிருப்பாரு, பாவம்."

"அவன் எதுக்கு அண்ணே பயப்படணும்? பயப்பட வேண்டியது நாம." தையல்காரர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க. இத்தனை மெனக்கெட்டு வந்திருக்கோம், இந்த நாடு நம்மளை விடாது."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தத் தம்பிகூட இப்படி ஆறுதல் சொன்னதில்லை. "நீங்க நிச்சயம் பாஸ் பண்ணிடுவீங்க தம்பி" என்றார்.

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். நீங்களும்தான்."

மணி ஒன்பது அடித்தது. உள்ளறைக் கதவு திறந்து, பெயர்ப் பட்டியலோடு உதவியாளர் வெளியே வந்தார். முணுமுணுப்பு சட்டென்று நின்றது. தையல்காரர் எழுந்து, அளவு நாடாவை உருவிப் பையில் திணித்துக்கொண்டார்.

உதவியாளர் அவரைத் தாண்டிப் போய், பக்கத்து நாற்காலியில் இன்னும் விரல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் பணிவாகக் குனிந்தார்.

"சார், நீங்க உள்ள போய் உட்கார்ந்தா முதல் ஆளை அனுப்பிடுவேன்."