இரண்டாவது மாடி, இடது பக்கம்

“இது வெறும் லேப்டாப் இல்லப்பா. விடுதலை,” என்றார் அவர், கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே.

விற்பனையாளர் தலையாட்டினார். ஐம்பதை நெருங்கும் வயதில், காலையிலிருந்து நின்றே இருக்கும் கால்களோடு, விடுதலையைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது. இருந்த ஒரே நாற்காலியை விடுதலை சாருக்குப் போட்டாகிவிட்டது.

‘விடுதலை சார்’ என்பது ஷோரூமில் வைத்த பெயர். அந்த மாடியில் வரிசைகட்டி நின்ற லேப்டாப்களில் ஒன்றே ஒன்றுதான் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு வந்தது. ஓரத்தில் பெங்குவின் படம் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் விலையைப் பார்த்து ஆசையாக நெருங்குவார்கள். “லினக்ஸா?” என்று கேட்டுவிட்டு, இழவு வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்தவர்கள்போல மெல்லப் பின்வாங்குவார்கள். சார் ஒருவர்தான் தினமும் வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார்.

“ஊர் பூரா அலைஞ்சு பாரு. திறந்த மூல மென்பொருள் போட்ட லேப்டாப் இருக்கான்னு கேட்டா, கள்ளச்சரக்கு கேட்ட மாதிரி முழிக்கிறாங்க. உங்க கடையிலதான் மனுஷன் சுதந்திரமா மூச்சு விட முடியுது.”

“அப்போ பில் போட்டுடலாமா சார்?”

“அவசரப்படாதே. பொருளை முழுசா சோதிக்காம வாங்குறதுதான் அடிமைத்தனம்.”

சோதனை விஸ்தாரமாக நடந்தது. கீபோர்டைச் சோதிப்பதற்காக மதியம் வரை தட்டுவார். பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த பிரின்டரையும் விட்டுவைக்கவில்லை. “லினக்ஸோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும்” என்று நாலைந்து தாள் எடுப்பார். ஒத்துப்போனது. மறுநாளும் பார்க்க வேண்டியிருந்தது. மற்ற லேப்டாப்களில் யார் எதைத் தட்டி வைத்தாலும் தலைமை அலுவலகம் அன்றைக்கே அழித்துவிடும். இதை என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியாததால், வைத்தது வைத்தபடி இருந்தது.

நடுநடுவே போன் வரும். “ரெண்டாவது மாடி. லிஃப்ட்டை விட்டு இறங்கினதும் இடது பக்கம். பெங்குவின் படம் போட்ட லேப்டாப்னு யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க” என்பார்.

காசு வாங்காமல் விளம்பரம் செய்கிற மனிதரிடம் எப்படி எழுந்து போங்கள் என்பது? விற்பனையாளர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காலையில் வந்ததும் முதல் வேலையாக, தூசி தட்டி லேப்டாப்பை ஆன் செய்தும் வைத்தார்.

மேனேஜருக்குத்தான் பொறுமை போய்விட்டது. “மாசக் கடைசிக்குள்ள அந்தப் பெங்குவின் போகணும். இல்லேன்னா நீங்க போகணும், குடோனுக்கு. வாஷிங் மெஷின் தூக்க ஆள் கேட்டிருக்காங்க.”

விற்பனையாளர் தன் இடுப்பை நினைத்துக்கொண்டார். அது ஏற்கெனவே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்ட இடுப்பு.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. சாரைக் காணோம். லிஃப்ட் திறந்து ஓர் அம்மாள் இறங்கினார். அக்கம்பக்கம் பார்க்காமல் இடது பக்கம் திரும்பி நேராக வந்தார்.

“பெங்குவின் படம் போட்ட லேப்டாப் எதுங்க?”

அந்தக் கேள்வியை ஒருவர் வாயால் கேட்பது விற்பனையாளருக்கு இதுவே முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டார். “இதேதாம்மா. உக்காருங்க.”

அம்மாள் உட்கார்ந்து, பெங்குவினை உற்றுப் பார்த்து, சரிதான் என்பதுபோல் தலையசைத்தார். “சார் எல்லா விவரமும் சொல்லிட்டார். எடுத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்.”

“சார் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.” இடுப்புவலி பாதி குறைந்ததுபோல் இருந்தது. விற்பனையாளர் குனிந்து அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். செய்தி எட்டி, மேனேஜரே கையைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

“பில் யார் பேர்லம்மா போடணும்?”

“பில்லா?” அம்மாள் பெட்டியை ஓரமாக நகர்த்தினார். “வீட்டு புரோக்கர் கமிஷனைத்தான் சார்கிட்ட அன்னைக்கே கொடுத்துட்டேனே. வாடகை ஒப்பந்தம் இதுக்குள்ள இருக்காம். பிரின்ட் எடுத்து வாங்கிட்டுப் போகச் சொன்னார்.”

மேனேஜர் விற்பனையாளரைப் பார்த்தார். விற்பனையாளர் நாற்காலியைப் பார்த்தார்.

அம்மாளுக்கு லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

“அவரோட ஆபீஸ் பையன் நீங்கதானே?”